நொதிகளின் பங்காளி வகையறா: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் தகுதிக்குமான சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தேர்வில் முதல்முறை நான் கோட்டை விட்டது படிக்காததால் அல்ல. தாவரங்கள் சில அமினோ அமிலங்களைச் செய்யும் ஷிகிமேட் பாதையின் 7 படிகளையும் நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். டெர்பீன்கள், பீனால்கள், ஆல்கலாய்டுகள் என்று தாவர வேதிப்பொருட்களுக்கே மூன்று நோட்டுகள் நிரம்பியிருந்தன. ஒரு மாதிரித் தேர்வில், “திராட்சையிலும் நிலக்கடலையிலும் ரெஸ்வெராட்ரால் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை, எப்படி?” என்ற வகையில் ஒரு கேள்வி வந்தது. மூன்று நோட்டிலும் அதற்குப் பதில் இல்லை. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் மானாவாரியில் விளைவது கடலை, மலையை ஒட்டிக் கம்பத்தில் விளைவது திராட்சை. இரண்டையும் தின்று வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி விளங்கவே இல்லை.

பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். மொத்தம் 13 அலகுகள். நான் நோட்டு போட்ட அந்த வேதிப்பொருட்கள், அதாவது தாவரங்களின் இரண்டாம் நிலை வளர்சிதைப் பொருட்கள், 6ஆம் அலகில் இருக்கின்றன. மரபணு இரட்டிப்பும் புதிய புரதங்களின் தோற்றமும் 11ஆம் அலகில். நான் போன பயிற்சி மையத்தில் இரண்டுக்கும் வேறு வேறு ஆசிரியர்கள், இடையில் மூன்று மாத இடைவெளி. நானும் அப்படியே தனித்தனி நோட்டாக வைத்திருந்தேன். இரண்டாம் முறை செய்த ஒரே மாற்றம், அந்த இரண்டு அலகுகளின் நோட்டுகளையும் ஒன்றாக்கியதுதான். தினமும் காலையில் பஸ் பிடித்து, நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தேன்.

ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் “இதைச் செய்யும் நொதி எந்த வகையறா?” என்று கேட்டேன். எங்கள் ஊரில் புதிதாக ஒருவர் வந்தால் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஒரு மரபணு இரட்டித்தால் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் வயலைப் பார்த்துக்கொள்வதால் தம்பி திருப்பூருக்குப் போய் வேறு தொழில் கற்கலாம். இது புதுப்பணி ஏற்பது. அப்பா பார்த்த வேலையை இருவரும் பாதிப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால் பெரும்பாலான தம்பிகள் வேலையில்லாமல் கெட்டுப்போய்ப் போலி மரபணு ஆகிவிடுகிறார்கள். மரபியலாளர் சுசுமு ஓனோ 1970இல் வலியுறுத்திய கருத்தை நான் இப்படித்தான் மனத்தில் நிறுத்தினேன்.

இந்த உவமை ஓரிடத்தில் கவிழும், அந்த இடத்தில்தான் கடினமான கேள்விகளும் வரும். புதுத் தொழிலைத் தம்பி திருப்பூரில் கற்கவில்லை. பிரிவதற்கு முன்பே, அப்பா காலத்திலேயே, அது ஒரு சில்லறை வேலையாக வீட்டில் நடந்துகொண்டிருந்தது. நொதிகள் தங்கள் முக்கிய வினைபொருளோடு வேறு சிலவற்றையும் மெதுவாக, அரைகுறையாக மாற்றும். இரட்டிப்புக்குப் பின் அந்த அரைகுறை வேலை தேறுகிறது.

இதற்கு என் உதாரணம் எங்கள் கண்மாய்க் கரைத் தேள்கொடுக்கு. பூங்கொத்து தேளின் கொடுக்கு மாதிரி சுருண்டிருக்கும். ஆடு முகர்ந்துவிட்டு விலகிப் போகும் என்பார் அப்பத்தா. அதில் இருப்பவை கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள். அவற்றை உருவாக்கும் பாதையின் முதல் படியைச் செய்வது ஹோமோஸ்பெர்மிடின் சிந்தேஸ் என்ற நொதி. அதன் மூதாதை டீஆக்சிஹைப்புசின் சிந்தேஸ், ஆல்கலாய்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நொதி. ஸ்பெர்மிடின் என்ற சிறு மூலக்கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து, புரத உற்பத்திக்கு உதவும் ஒரு காரணியில் ஒட்டுவது அதன் பிழைப்பு. அந்தத் துண்டை எப்போதாவது புட்ரெசின் என்ற இன்னொரு சிறு மூலக்கூறின்மீதும் ஒட்டிவிடும். இரட்டித்த பிரதி இந்தத் தவறையே தொழிலாக்கிக்கொண்டு, பழைய காரணியைத் தொடுவதை விட்டுவிட்டது. பூக்கும் தாவரங்களில் இது பல முறை தனித்தனியே நடந்திருக்கிறது. இந்த ஒரு கதையைச் சரியாகப் படித்தால் இரட்டிப்பு, அரைகுறை வினை, பணியிழப்பு, தனித்தனியே கிளம்பி ஒரே இடம் சேரும் குவி பரிணாமம் நான்கும் கைக்கு வந்துவிடும்.

இனி கடலைக்கும் திராட்சைக்கும் வருகிறேன். பூ நிறமிகளுக்கு வழி திறக்கும் சால்கோன் சிந்தேஸ் எல்லா நிலத் தாவரங்களுக்கும் பொதுவானது. கூமரோயில் கோ-ஏ ஒன்று, மலோனைல் கோ-ஏ மூன்று என்று மூலப்பொருட்களை எடுத்துச் சங்கிலி கட்டி மடிக்கிறது. ரெஸ்வெராட்ராலைச் செய்யும் ஸ்டில்பீன் சிந்தேஸும் அதே பொருட்களை அதே கணக்கில்தான் எடுக்கிறது. மடிக்கும் விதம் மட்டும் வேறு, கூடுதலாக ஒரு கார்பன் டை ஆக்சைடு போய்விடுகிறது. சில அமினோ அமிலங்களை மாற்றினாலே முன்னது பின்னதைப் போல வேலை செய்யத் தொடங்கும் என்று ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். எனவே திராட்சையும் கடலையும் தத்தம் சால்கோன் சிந்தேஸிலிருந்து தனித்தனியே அங்கே போய்ச் சேர்ந்தன.

காபியும் தேயிலையும் இதே கதைதான், நீட்டவில்லை: தாண்டிக்குடிக் காபிக்கும் மேகமலைத் தேயிலைக்கும் காஃபீன் ஒன்று, அதைச் செய்யும் மெத்தில் மாற்று நொதிகள் ஒரே பெருங்குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். 2014இல் வெளியான காபி மரபணுத்தொகுதி இதை உறுதியாக்கியது.

எனக்கு மிகவும் பிடித்த வகையறா பி.ஏ.எச்.டி. (BAHD) அசைல் மாற்று நொதிகள், அதாவது ஒரு மூலக்கூறின் அசைல் தொகுதியை இன்னொன்றில் ஒட்டுபவை. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் பெரியப்பாவுடன் நிற்கும்போது மூக்கில் ஏறும் மல்லி மணத்தில் பென்சில் அசிட்டேட் முக்கியமானது. அதை உருவாக்கும் நொதி கிளார்க்கியா என்ற பூவில் கண்டறியப்பட்டது. முதலில் அறியப்பட்ட நான்கு நொதிகளின் முதலெழுத்துகளால் ஆனது இந்தக் குடும்பப் பெயர், அதில் முதல் எழுத்தே இதற்கு உரியது. கடைசி எழுத்து நித்தியகல்யாணியில் வின்டோலினை முடித்துவைக்கும் நொதியுடையது. புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினில் ஒரு பாதி அந்த வின்டோலின்தான். மிளகாயின் காரத்துக்குக் காரணமான நொதியும் இவர்கள் பங்காளி. மணமும் மருந்தும் காரமும் ஒரே குலசாமியைக் கும்பிடுகின்றன என்று நோட்டில் எழுதிவைத்தேன், மறக்கவே இல்லை.

டெர்பீன்களில் மட்டும் பெயர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரே நொதி பல பொருட்களைத் தரும் என்பதற்கு ஓர் உதாரணம் போதும்: ஒரு வகை ஃபிர் (ஊசியிலை) மரத்தின் காமா-ஹியூமுலீன் சிந்தேஸ் 52 பொருட்களைத் தருகிறது. கார்பன் நேர்மின் அயனி உருவானபின் அது எங்கெங்கோ ஓடிப் பிடிபடுவதால் இப்படி. அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாம் முறை தேறினேன். தர எண் வெளியில் சொல்லும்படி இல்லை. தேர்வறையில் ஒரு தவறும் செய்தேன். கடைசிப் பகுதியில் 75 கேள்விகளில் 25க்குத்தான் விடை தரலாம், ஒன்றுக்கு 4 மதிப்பெண், தவறினால் 1 போகும். அதிகம் எழுதினால் முதல் 25ஐ மட்டுமே திருத்துவார்கள். நான் முன்பாதியிலேயே 23 எழுதிவிட்டு, பின்னால் வந்த மரபணு இரட்டிப்புக் கேள்விகளைப் பார்த்ததும் அரை மனத்துடன் எழுதியவற்றை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதாயிற்று. அதிலேயே பத்து நிமிடம் போனது. நீங்கள் 75ஐயும் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு முதல் விடையைத் தொடுங்கள்.