ஆமைக்காக ஒரு மனு: கையெழுத்து எளிதில் கிடைத்தது, முத்திரைதான் கிடைக்கவில்லை

கடலாமைக்காகவோ எண்ணூர்க் கழிமுகத்துப் பறவைகளுக்காகவோ மனு கொடுக்கப் போகும் மாணவர்களுக்கு முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துப் போங்கள். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் விழாத வரை அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.

2025 ஜனவரியில் சென்னைக் கரை நெடுகப் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதும், பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கு எடுத்ததும் தெரிந்த செய்தி. எர்ணாவூர் பக்கம், கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுப் பாறைகளுக்கு இடையே கிடந்த ஒன்றை நாங்கள் குனிந்து பார்த்தோம். கழுத்து வீங்கியிருந்தது, கண்கள் வெளியே பிதுங்கியிருந்தன. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சு வாங்க நீர்மட்டத்துக்கு வந்தே ஆக வேண்டும். விசைப்படகுகள் கடலுக்குள் இழுத்துச் செல்லும் வலையான இழுவை மடியில் சிக்கினால் அதற்கு வழியில்லை.

கல்லூரியில் கையெழுத்து வாங்குவது சிரமமாக இல்லை. காசிமேட்டுத் தோழி ஒருத்தி மட்டும் பேனாவைப் பிடித்தபடி தயங்கினாள். அவள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். "எங்கள் அப்பா மீதே புகார் கொடுப்பதுபோல் ஆகிவிடாதா?" என்றாள். நியாயமான கேள்வி. அன்று மாலையே மனுவை மாற்றி எழுதினோம். படகுத் தொழிலாளி மீது ஒரு வரிகூட இல்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவை மடி கூடாது என்று ஏற்கெனவே இருக்கும் விதியை நடைமுறைப்படுத்துங்கள், ஆமை தப்பிக்கும் கருவியை வலையில் பொருத்த உதவுங்கள், அவ்வளவுதான். அவள் கையெழுத்துப் போட்டாள். சிறிய ஃபைபர் படகில் மீன்பிடிப்பவர்களின் வீடுகளில் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தே போட்டுக்கொடுத்தார்கள். கரையோர மீனும் அந்த மடியில்தானே போகிறது.

அதன் பிறகுதான் அலைச்சல். ஓர் அலுவலகத்தில் "வலை எங்கள் பொறுப்பு இல்லை" என்றார்கள். அடுத்ததில் "ஆமை எங்கள் பொறுப்பு இல்லை" என்றார்கள். ஒரு எழுத்தர் மனுவைப் பிரிக்கக்கூட இல்லை. "நல்ல காரியம்மா, இந்த வயதில் இவ்வளவு அக்கறை! வைத்துவிட்டுப் போங்கள்" என்றார். முத்திரை கேட்டதும் முகம் மாறிவிட்டது. "மாணவர்கள் மனுவுக்கெல்லாம் அது கிடையாது. போய்ப் பரீட்சைக்குப் படியுங்கள்." அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. பாராட்டைக் கோப்பில் வைக்க முடியாது, முத்திரையை வைக்கலாம்.

நேரில் கொடுத்து வாங்க முடியாத ஒப்புகையை அஞ்சல்காரர் வாங்கித் தந்தார். அதே மனுவை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கூடவே 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம். இதில் சில விஷயங்கள் மிக முக்கியம். "ஏன் தடுக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், விளக்கம் தரக் கடமையில்லை என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகல், ரோந்துப் பதிவேட்டின் நகல் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தேதியிட்டுக் கேளுங்கள். "உங்களுக்கு எதற்கு?" என்று எவர் கேட்டாலும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தில் வயது வரம்பும் இல்லை, குடிமக்களாக இருந்தால் போதும்.

எங்கள் விண்ணப்பத்தை "நீங்கள் கேட்கும் கரை திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது" என்று திருப்பி அனுப்பினார்கள். முகத்துவாரத்துக்குத் தெற்கே எண்ணூர் சென்னை மாவட்டம், வடக்கே காட்டுப்பள்ளி திருவள்ளூர் மாவட்டம். ஆமைக்கு இந்த எல்லை தெரியாது, ஆனால் பொதுத் தகவல் அலுவலருக்கு 6(3) பிரிவு தெரிந்திருக்க வேண்டும். தம்மிடம் இல்லாத தகவலுக்கான விண்ணப்பத்தை 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவரே மாற்றி அனுப்ப வேண்டும். நம்மிடம் திருப்பக் கூடாது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு முதல் மேல்முறையீடு போட்டோம்.

அதற்குப் பலன் இருந்தது. பரிசோதனை அறிக்கைகளின் நகல் தபாலில் வந்தது. பதிவேட்டை நேரில் வந்து பார்க்கலாம் என்று கடிதமும் வந்தது. முன்பு எங்களை நிற்க வைத்தே பேசிய அதே அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறிப்பெடுத்தோம். காசிமேட்டுத் தோழிதான் எழுதினாள். படகு எண்களை அவளால்தான் சட்டென்று படிக்க முடிந்தது.

அடுத்து இறங்குகிறவர்கள் அக்டோபரிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். பதிலுக்கு 30 நாள், மேல்முறையீட்டுக்கு இன்னொரு 30 நாள் போய்விடும். ஜனவரியில் ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும்போது காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.