சிம் அண்ணன் பெயரில், மீட்பு மெயில் மூடிப்போன கம்பெனியில்

போன மாதம் 12ஆம் தேதி பாவூர்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது கைப்பையின் ஜிப் திறந்து கிடந்தது. போனைக் காணவில்லை. ஆலங்குளம் தாண்டி ஒரு போன் பேசியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கோ போயிருக்கிறது.

தென்காசிப் பக்கம் 7 கடைகளுக்கு நான் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதும் டேலி மென்பொருள் அந்தந்தக் கடை கம்ப்யூட்டரிலேயே இருக்கும். கொள்முதல் பில்களை மட்டும் போனில் படம் எடுத்து என் கிளவுட் கணக்கில் கடைவாரியாகப் போட்டு வைப்பேன். சரக்கு விற்றவர்கள் காட்டிய பில்களின் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி 14ஆம் தேதி வந்ததும் அந்தப் பில்களை வைத்து ஒப்பிட்டு, 20ஆம் தேதிக்குள் மாதாந்திர ஜிஎஸ்டி படிவமான 3பி போட வேண்டும். தவறினால் ஒரு கடைக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி வேறு. போன் போனது ஒரு பக்கம். அதை எடுத்தவன் கையில் என் கணக்கு திறந்தபடி இருக்கிறதே என்பதுதான் வயிற்றைக் கலக்கியது. கணக்கைப் பூட்ட வேண்டுமானால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். பழைய பாஸ்வேர்டு எனக்கு நினைவில் இல்லை. மூன்று வருடமாக அதைக் கேட்டதே கிடையாது, போன் தானாகவே உள்ளே விட்டுவிடும்.

நான் போயிருந்தது ஒரு ஹார்டுவேர் கடை. அண்ணாச்சியின் போனை வாங்கி முதலில் பேங்கைக் கூப்பிட்டு யுபிஐயை நிறுத்தினேன், பிறகு அண்ணனிடம் சொல்லி சிம்மை முடக்கினேன். அதெல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. அதற்கப்புறம் செய்ததுதான் தப்பு. பதற்றத்தில் அதே கடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தோன்றிய பாஸ்வேர்டையெல்லாம் அடித்துப் பார்த்தேன். எல்லாமே தவறு. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்தால், தொலைந்த போனில் 'ஆம்' தட்டச் சொல்கிறது. வேறு வழி கேட்டால் அதே நம்பருக்கு ஓடிபி. அதற்கும் வேறு வழி கேட்டால் ஒரு மெயில் முகவரி: முதல் இரண்டு எழுத்து, மீதி எல்லாம் நட்சத்திரக் குறி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 2019இல் நான் வேலையை விட்ட கம்பெனியின் மெயில். அந்தக் கம்பெனியே இப்போது இல்லை.

ஐந்தாறு முறை முயன்றதும், முயற்சிகள் அதிகமாகிவிட்டன, பிறகு வாருங்கள் என்று கணக்கு என்னை வெளியே தள்ளிவிட்டது. நான் இதுவரை ஒரு தடவைகூட நுழையாத கம்ப்யூட்டர், புதிய இன்டர்நெட் இணைப்பு, அடுத்தடுத்துத் தவறான பாஸ்வேர்டு. அந்தக் கணக்கின் கண்ணுக்கு நான்தான் திருடி. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் கையில் கிடைத்த கம்ப்யூட்டரில் தயவுசெய்து முயலாதீர்கள். இருக்கிற வாய்ப்பும் வீணாகிவிடும்.

அன்று இரவு இன்னொன்றும் நடந்தது. வீட்டுக்காரர் போனில் கஸ்டமர் கேர் நம்பர் தேடினேன். ஒன்று கிடைத்தது. பேசியவன் மரியாதையாக, நல்ல தமிழில் பேசினான். ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், திரையைப் பார்த்துக்கொண்டே நான் சரிசெய்து தருகிறேன், சரிபார்ப்புக்கு 10 ரூபாய் மட்டும் அனுப்புங்கள் என்றான். 10 ரூபாய் என்றதும்தான் எனக்குச் சுரீர் என்றது. கட் செய்துவிட்டேன். இலவசக் கணக்குக்கு பாஸ்வேர்டு எடுத்துத் தருகிறேன் என்று போனில் யாராவது சொன்னால் அவன் மோசடிக்காரன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

மறுநாள் ஆதாரை எடுத்துக்கொண்டு நெல்லையில் சிம் கம்பெனி ஷோரூமுக்குப் போனேன். முக்கால் மணி நேர வரிசை. கவுன்டரில் இருந்த பையன் நம்பரை அடித்துப் பார்த்துவிட்டு, "இது வேற பேர்ல இருக்கே மேடம். அவங்க நேர்ல வந்து கைரேகை வைக்கணும்" என்றான். சிம் அண்ணன் பெயரில் இருப்பது எனக்கும் தெரியும். கல்லூரி நாளில் அவன் வாங்கிக் கொடுத்தது. வீட்டு ஆள்தானே, என் ஆதாருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். கோயம்புத்தூரில் இருக்கிறவன் இதற்காக இங்கே வர வேண்டுமா என்று கேட்டதற்கு, "அது தெரியாது மேடம்" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டான். அங்கேயே உள்ள ஷோரூமில் அண்ணன் வாங்கலாம் என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். கேட்டுச் சொன்னது என் வீட்டுக்காரர்.

அண்ணன் சாயங்காலம் வேலை முடிந்து கோவையில் போய் நின்றான். அங்கே வேறு கேள்வி: தொலைந்த போன் என்றால் போலீஸ் புகார் நகல் வேண்டும். திரும்பி வந்துவிட்டான்.

14ஆம் தேதி காவல் நிலையம். அங்கே இருந்த பெண் காவலர் நன்றாகவே விசாரித்தார். ஆனால் ஒவ்வொரு போனுக்கும் உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பர் இல்லாமல் எழுத முடியாது என்றார். வீட்டுக்குப் போய் பரணில் இருந்த போன் டப்பாவைத் தேடி எடுத்தேன். அட்டையில் இரண்டு ஐஎம்இஐ, ஒவ்வொன்றும் 15 இலக்கம். டப்பாவையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை மணி நேரத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர் ரசீது கைக்கு வந்தது. போன் டப்பாவைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். ரசீதை வைத்து தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கவும் விண்ணப்பித்தேன், அது சிரமமில்லாமல் முடிந்தது.

ரசீதைப் படம் எடுத்து அனுப்ப, 15ஆம் தேதி அண்ணன் புது சிம் வாங்கிவிட்டான். சாயங்காலம் ஆறு மணிக்கு சிம் உயிர் பெற்றது. கூப்பிட்டால் மணி அடிக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்காரர் போனில் கணக்கைத் திறந்து, ஓடிபி அனுப்பு என்று தட்டிவிட்டு அண்ணனிடம் கேட்டால், ஒன்றும் வரவில்லை என்கிறான். மறுபடி தட்டினேன். போனை அணைத்துப் போடச் சொன்னேன். சிம்மைக் கழற்றி மாட்டச் சொன்னேன். மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். "ஏட்டி, ஒண்ணுமே வரல" என்றான். ஆறு தடவை தட்டியதும் பழையபடி கணக்கு பூட்டிக்கொண்டது, 24 மணி நேரம் கழித்து வா என்று.

காலையில் அண்ணன் ஷோரூமில் போய்க் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகவும் செய்யாது. தொலைத்தொடர்புத் துறையின் விதி அது. உங்களுக்குத் தெரியாமல் ஒருவன் டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால், அவன் பேங்க் ஓடிபியைப் பிடிப்பதற்குள் நீங்கள் விழித்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம். விதியை நான் குறை சொல்லவே மாட்டேன், அது என் பணத்துக்கும்தான் காவல். ஆனால் சிம்மைக் கையில் கொடுக்கிறவர் அதை வாய் திறந்து சொல்ல வேண்டாமா? சொல்லியிருந்தால் அந்த ஆறு முயற்சியும் மிஞ்சியிருக்கும், எனக்கு ஒரு நாளும் மிஞ்சியிருக்கும்.

16ஆம் தேதி சாயங்காலம் அண்ணன் போனில் எஸ்எம்எஸ் வரத் தொடங்கியது. இந்த முறை நான் கணக்கைத் தொடவே இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் கணக்குக்கு என்னை அடையாளம் தெரிகிற இடம் எங்கே இருக்கிறது? அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டில் என் பழைய லேப்டாப் கிடக்கிறது, கீல் உடைந்தது. இரண்டு வருடம் அதில்தான் பில் ஏற்றினேன், அதே வீட்டு வைஃபையில்.

17ஆம் தேதி முதல் பஸ்ஸில் போய்விட்டேன். போகும்போது 2021ஆம் வருட டைரியையும் எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பாஸ்வேர்டு ஒன்று பென்சிலில் எழுதியிருந்தது. லேப்டாப் திறக்கக் கால் மணி நேரம் எடுத்தது. திரையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டினேன். மீட்புப் பக்கம் போனதும் கேட்ட முதல் கேள்வி: உங்களுக்கு நினைவிருக்கும் கடைசிப் பாஸ்வேர்டு என்ன? டைரியில் இருந்ததை அடித்தேன். இப்போதைய பாஸ்வேர்டாக இல்லாவிட்டாலும் பழையது ஒன்று ஒத்துப்போனதே பெரிய உதவியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அடுத்து ஓடிபி. அண்ணன் லைனிலேயே இருந்தான், ஒவ்வொரு எண்ணாக வாசித்தான், நான் அடித்தேன். புதுப் பாஸ்வேர்டு கேட்கும் பக்கம் திறந்தது. அம்மா என்னவோ ஏதோ என்று அடுப்படியில் இருந்து ஓடி வந்துவிட்டாள், நான் அப்படிக் கத்தியிருக்கிறேன்.

பாஸ்வேர்டு மாற்றியதோடு நான் எழுந்துவிடவில்லை. சாதனங்களின் பட்டியலுக்குப் போய், தொலைந்த போனைத் தேடிப் பிடித்து வெளியேற்றினேன். பாஸ்வேர்டு மாறினால் எல்லா இடத்திலும் தானாக வெளியேறிவிடும் என்று நம்பி இருக்காதீர்கள், கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். மூடிப்போன கம்பெனியின் மெயிலை நீக்கிவிட்டு வீட்டுக்காரர் மெயிலைப் போட்டேன். காப்பு எண்களை அச்செடுத்தேன். அக்கா மகனிடம் இருப்பது கூகுள் கணக்கு, அதிலும் உண்டு: 10 எண்கள், ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். போனும் சிம்மும் இல்லாத நேரத்துக்கென்றே இருக்கிற வழி இது. 12ஆம் தேதி அந்தத் தாள் என்னிடம் இருந்திருந்தால் பாவூர்சத்திரத்தில் இருந்து நேராக வீட்டுக்கு வந்து சீக்கிரமே வேலையை முடித்திருக்கக்கூடும். இப்போது ஒரு பிரதி பீரோவில் ரேஷன் கார்டோடு இருக்கிறது, இன்னொன்று அம்மா வீட்டில்.

18, 19 இரண்டு நாளும் சரியாகத் தூங்கவில்லை. 19ஆம் தேதி இரவு பதினொன்றே காலுக்கு ஏழாவது கடையின் 3பியும் போய்விட்டது. எந்தக் கடைக்கும் ஒரு ரூபாய் தாமதக் கட்டணம் விழவில்லை.

சிம் இன்னும் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் அம்மன் கோயில் கொடைக்கு ஊருக்கு வருகிறான். வந்த மறுநாள் இரண்டு பேரும் ஆதாரோடு ஷோரூமுக்குப் போவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.