மடகாஸ்கர் பிரிந்துபோன இடத்தில் ஒரு மணி நேரம்

தீவில் ஒரு மணி நேரம்தான், அதற்குள் படகுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று படகுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். ஊர் திரும்பியும் அந்தக் கோபம் ஆறவில்லை. சுமார் 8.8 கோடி ஆண்டுகள் பழமையான பாறையை ஒரு மணி நேரத்தில் எப்படிப் பார்த்து முடிப்பது?

நான் சொல்வது கர்நாடகத்தில் உடுப்பிக்கு அருகே, மால்பே கரையிலிருந்து படகில் போகும் செயின்ட் மேரீஸ் தீவுகளை. போகும் வழி, செலவு எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். சென்னையிலிருந்து மங்களூருக்கு இரவு ரயில், அங்கிருந்து உடுப்பிக்கு பஸ். விடியற்காலை ரயில் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்கும்போது மட்டும் தூங்கிவிடாதீர்கள். சுவர்போல வந்துகொண்டிருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே விலகி வழிவிடுகிறது. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கும் மடகாஸ்கர் தீவு ஒரு காலத்தில் இந்தியாவோடு ஒட்டியிருந்தது. கணவாயின் பழைய பிளவு மண்டலத்தை, அதாவது பாறைகள் உரசி நகர்ந்த பட்டையை, மடகாஸ்கரின் தெற்கில் அதேபோல் உள்ள ரனோட்சாரா மண்டலத்தோடு பொருத்திப் பார்க்கும் புவியியலாளர்கள் உண்டு. கிழிந்த துணியின் இரு பாதிகளை ஓரத்தோடு ஓரம் வைத்துப் பார்ப்பதுபோல.

உடுப்பியிலிருந்து மால்பே ஆறு கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் 400 ரூபாய் கேட்டார். முதுகில் பை, தலையில் தொப்பி, வெளியூர் முகம். அவ்வளவு போதும் போலிருக்கிறது. பேரம் பேசி 300க்கு இறக்குவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. திரும்பும்போது பஸ்ஸில் வந்தேன், 20 ரூபாய்கூட ஆகவில்லை. பகல் கொள்ளை! தயவுசெய்து பஸ்ஸிலேயே போங்கள்.

படகும் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். வெயிலில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

ஆனால் தீவில் கால் வைத்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. கரை முழுக்கச் சிப்பி, அதைத் தாண்டினால் கல்தூண்கள். சீவாத பென்சில்களைக் கட்டுக்கட்டாக நட்டு வைத்ததுபோல நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பட்டைகளை எண்ணினேன். பெரும்பாலும் ஆறு. ஐந்தும் உண்டு, ஏழும் உண்டு. இரண்டு தூண்களுக்கு இடையே என் விரல் நுனிகூட நுழையவில்லை. யாரோ நூல் பிடித்து அடுக்கியதுபோல அவ்வளவு நெருக்கம். யாரும் அடுக்கவில்லை. வற்றிய ஏரியில் வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எரிமலைக் குழம்பும் அப்படித்தான் ஆறும்போது சுருங்கி வெடித்தது. மேலே தொடங்கிய வெடிப்பு ஆற ஆறக் கீழே இறங்கித் தூண்களைப் பிரித்துவிட்டது.

படகில் ஒரு அப்பா தன் மகளிடம் இது தக்காண எரிமலைப் பாறை என்று சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை ஐயா! தக்காணத்தில் குழம்பு கொட்டியது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தத் தூண்கள் அதைவிட இரண்டு கோடி ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவை. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக ஒட்டியிருந்து, பிரிய ஆரம்பித்தபோது பொங்கிய குழம்பு இது. ஆதாரம் என்ன என்று கேட்பீர்கள். மடகாஸ்கரின் கிழக்குக் கரையிலும் ஏறக்குறைய இதே வயதுள்ள எரிமலைப் பாறைகள் கிடக்கின்றன. இன்று நடுவில் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் கடல். கண்டங்கள் நகர்ந்தன என்று ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெக்னர் 1912இல் சொன்னபோது புவியியலாளர்களில் பலர் ஏற்க மறுத்தார்கள். அந்த நகர்வின் தழும்பின் மேல் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கல் சுட்டது, எழுந்திருக்க மனம் வரவில்லை.

இந்திய புவியியல் ஆய்வுத் துறை இதைத் தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேர் தூண்களுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இரண்டே நிமிடம் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

சாப்பாடு! மால்பேயில் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு, மீன் குழம்பு, ரவை தடவிப் பொரித்த அஞ்சல் மீன். நம் வஞ்சிரத்துக்கு அங்கே அஞ்சல் என்று பெயர். மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்போல. ஆட்டோவுக்குக் கொடுத்த காசில் இன்னொரு துண்டு வாங்கியிருக்கலாம்.

மழைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். டிசம்பரில் மறுபடி போகிறேன். காலையில் முதல் படகு. தூண்களின் சரிந்த பக்கத்தை இந்த முறை பார்க்கவே முடியவில்லை.