பெயின்ட் கடைசியில்: 1970 எம்ஜிபி, இதுவரை நடந்த வேலை

கார் இப்போது ஓடும் நிலையில் இருக்கிறது. பிரேக் மிதித்தால் ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்கிறது, விளக்குகள் எல்லாம் எரிகின்றன, இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் சீராக ஓடுகிறது. பெயின்ட் மட்டும் இன்னும் தொடவில்லை. கதவுக்குக் கீழே சாம்பல் நிற பிரைமர், மற்ற இடங்களில் வெளிறிப்போன பழைய சிவப்பு. பார்க்கிறவர்கள் எல்லாரும் எப்போது முடியும் என்று கேட்கிறார்கள். என் கணக்கில் முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது.

வண்டி 1970-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது கூரை இல்லாத ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான கார் இது. கூரை மூடிய ஜிடி வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். வீட்டிலேயே வேலை பார்க்க நினைப்பவருக்கு அந்த எண்ணிக்கைதான் பெரிய துணை, ஏனென்றால் உதிரி பாகங்கள் இன்னும் புதிதாக வந்துகொண்டே இருக்கின்றன. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் இந்தக் காரின் முழு பாடியையே புதிதாகச் செய்து தருகிறது. இன்ஜின் 1798 சிசி, நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு. அதன் பக்கவாட்டில் இரண்டு எஸ்யூ கார்பரேட்டர்கள். எதையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, சாதாரணக் கருவிகளால் சரிசெய்துவிடலாம். நான் இந்தக் காரைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

தொடங்கும்போதே ஒரு முடிவு எடுத்தேன்: வண்டியை மொத்தமாகப் பிரிப்பதில்லை. ஒரு பகுதியை எடுப்பது, அதை முடிப்பது, வண்டி மறுபடி உருளும் நிலைக்கு வந்த பிறகு அடுத்ததைத் தொடுவது. ஆசையோடு கடைசி போல்ட் வரை பிரித்துவிட்டு, பிறகு டப்பா டப்பாவாகக் கைமாறும் கார்கள் நிறைய உண்டு. பிரித்த கைக்கு எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது கொஞ்ச நாள்தான் நினைவிருக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. பகுதி பகுதியாகச் செய்யும்போது புதிதாக ஏதாவது கோளாறு முளைத்தால், கடைசியாகக் கைவைத்த இடத்திலிருந்து தேட ஆரம்பிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் எங்கிருந்து தேடுவது?

கருவி பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டியில் இருப்பவை அங்குல அளவு போல்ட்டுகள். 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்கள் இருந்தால் பெரும்பாலான வேலை நடக்கும். 13 மிமீ ஸ்பேனர் 1/2 அங்குல நட்டில் உட்காரும் என்பது உண்மைதான், ஆனால் கொஞ்சம் ஆடும். துருப்பிடித்த நட் என்றால் அந்தக் கொஞ்ச ஆட்டமே முனைகளை மழுங்கடித்துவிடும்.

முதல் வேலை துரு. எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. ரோட்ஸ்டரில் கூரையும் இல்லாததால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடித்திருப்பது கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான். வெளியே தெரியும் சில் வெறும் மேல்தோல். அதற்குள் ஒரு நடுத்தகடு, உள்சில், அடியில் கோட்டைச் சுவர் போலப் பல்பல்லாக வெட்டிய ஒரு தகடு என்று பல அடுக்குகள் சேர்ந்து ஒரு பெட்டியாக நிற்கின்றன. முன்சக்கரம் வாரியடிக்கும் சேறு மட்கார்டின் உள்ளே, சில்லுக்கு மேலே போய்த் தங்கும். ஈரம் காயாது. துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளியில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே துரு அநேகமாகத் தன் வேலையை முடித்திருக்கும்.

என் வண்டியில் காந்தத்தை வைத்தபோதே சந்தேகம் வந்தது. கதவுக்குக் கீழே பாதித் தூரம் ஒட்டியது, பின்சக்கரத்தை நெருங்கியதும் வழுக்கிக்கொண்டு போனது. சுரண்டிப் பார்த்தால் விரல் கனத்துக்குப் பட்டி, காந்தம் ஒட்டாத நிரப்புப் பூச்சு. அதற்கு அடியில் பழைய சில்லை வெட்டாமலே மேலே ஒரு மூடித் தகட்டை வைத்து வெல்ட் செய்திருந்தார்கள். பார்வைக்கு நேராக இருக்கும், பலம் சுத்தமாக இருக்காது. இந்த மூடித் தகடு வேலையை எந்த வண்டியில் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். வாங்குபவரின் கண்ணை மட்டும் ஏமாற்றிவிட்டு, உள்ளே துருவை நிம்மதியாகத் தின்ன விடும் வேலை அது.

சில்லை வெட்டுவதற்கு முன் செய்யவேண்டியவை அதிகம், அவசரப்படக் கூடாத இடம் இதுதான். பேட்டரி இணைப்பையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்ற வேண்டும். பெட்ரோல் டேங்கை இறக்கி வெளியே வைத்துவிட வேண்டும். வண்டியை ஸ்டாண்டுகளில் மட்டமாக நிறுத்தி, கதவு திறப்பின் குறுக்கே, கீல் இருக்கும் தூணுக்கும் பூட்டு இருக்கும் தூணுக்கும் நடுவே ஒரு இரும்புச் சட்டத்தை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இது இல்லாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு இடைவெளி மேல்புறம் குறுகிவிடும். அப்படியே வெல்ட் செய்துவிட்டால் கதவு பிறகு ஒருநாளும் ஒழுங்காக மூடாது. வெட்டும் முன்பே கதவைச் சுற்றி இடைவெளியைப் பல இடங்களில் அளந்து, பாடியிலேயே மார்க்கரால் எழுதி வைத்தேன்.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போனேன். முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பதால் கழன்று வந்துவிடும். பின் மட்கார்டு வெல்ட் செய்தது. சில்லின் பின்முனை அதன் அடியில் போவதால் அதன் கீழ்ப்பகுதியை வெட்டித்தான் ஆக வேண்டும். புதிய தகடுகளை முதலில் கிளாம்ப்பிலும் திருகாணியிலும் நிறுத்தி, கதவைத் திரும்ப மாட்டி, மூடித் திறந்து பார்த்த பிறகே வெல்டிங். நீளமாக ஒரே கோடு இழுத்தால் சூட்டில் தகடு நெளியும். அதனால் இங்கே ஒரு புள்ளி, அரை அடி தள்ளி இன்னொரு புள்ளி என்று சூடு ஆற விட்டு விட்டுச் செய்தேன். முடிந்ததும் உள்ளே குழாய் விட்டு மெழுகுக் கலவையைப் பீய்ச்சினேன். அடியில் இருக்கும் வடிகால் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுப் பார்ப்பதும் அதோடு சேர்ந்தது. சட்டத்தைக் கழற்றிவிட்டு இடைவெளியை மறுபடி அளந்தேன். எழுதி வைத்த எண்கள் அப்படியே இருந்தன. இந்த வண்டியில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

பிரேக்கில் யோசிக்க ஒன்றும் இல்லை, எல்லாமே மாற்றினேன். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது, சக்கரம் பிடித்துக்கொண்டே ஓடும். இரும்புக் குழாய்களுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத செம்பு நிக்கல் குழாய் போட்டேன். பிரேக் ஆயில் டாட் 4. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

நீண்ட காலம் நின்ற இன்ஜினைச் சாவி போட்டு உடனே சுற்றுவது நல்லதில்லை. நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊற வைத்து, பிறகு கையால் மெதுவாகச் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றியது. புதிய 20டபிள்யூ-50 ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரில் சுற்றவிட்டேன். டேஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. அப்புறம் ஒரு துடிப்பு, அதிலிருந்து மெல்ல ஏறியது. அது ஏறியபின்தான் பிளக்குகளைப் போட்டேன்.

டேப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி, இந்த இன்ஜினில் குளிர்ந்த நிலையில் 0.38 மிமீ. வால்வுகள் எட்டு. எதை எப்போது சரிசெய்வது என்பதற்கு ஒன்பது என்ற கணக்கு போதும்: முதல் வால்வு முழுதாகத் திறந்து நிற்கும்போது எட்டாவதைச் சரிசெய்ய வேண்டும், மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. இரண்டும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும், அவ்வளவுதான். பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மிமீ, பிளக் 0.64 மிமீ, தீப்பொறி வரிசை 1-3-4-2. பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் பாயின்ட்டையே வைத்திருக்கிறேன். அது மெல்ல மெல்லத்தான் கெடும், வழியில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் இருந்தால் சரிசெய்துவிடலாம்.

கார்பரேட்டர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஸ்யூ என்றாலே பயப்படுகிறவர்கள் அதிகம். இதைவிட எளிமையான கார்பரேட்டரை நான் பார்த்ததில்லை. மேலே மணி போன்ற ஒரு கூடு, அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் கூம்பிச் செல்லும் ஓர் ஊசி. பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட்டுக்குள் ஊசி இறங்கி நிற்கிறது. இன்ஜின் அதிகம் காற்றை இழுத்தால் பிஸ்டன் உயரும், ஊசியின் மெல்லிய பாகம் ஜெட்டுக்கு வரும், பெட்ரோல் அதிகம் போகும். பிஸ்டன் சட்டென்று துள்ளாமல் இருக்க அதன் தண்டில் கொஞ்சம் ஆயில். அந்த ஆயில் வற்றினால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டி திக்கும். பலர் ஜெட்டைத் திருகிப் பார்ப்பார்கள், ஒரு ஸ்பூன் ஆயில் விட்டால் தீரும் விஷயம் அது.

ஜெட்டை மேல்மட்டத்துக்குச் சமமாக ஏற்றிவிட்டு, அடியிலுள்ள நட்டை இரண்டு சுற்று இறக்கி ஆரம்பித்தேன். இரண்டு கார்பரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்பரேட்டரின் வாயருகே பிடித்து, சீறல் சத்தம் இரண்டிலும் ஒன்றாகும் வரை திருகினேன். பிறகு கலவை. கார்பரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது, அதை மேலே தள்ளினால் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டர் அளவு உயரும். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே குறைந்து அணையப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. என் வண்டியில் முன் கார்பரேட்டர் உடனே படிந்தது. பின்னது எதற்கும் மசியவில்லை. காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தபோது தேய்ந்து ஆடுவது தெரிந்தது. அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுந்துகொண்டிருந்தால் எத்தனை திருகினாலும் கலவை நிற்காது. புஷ்ஷும் தண்டும் மாற்றியபின் ஐடில் சத்தமே வேறாகிவிட்டது. பெட்ரோல் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினேன். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கரைத்துவிடும்.

பெட்ரோல் பம்ப் பின்பக்கம் இருக்கும் எலக்ட்ரிக் பம்ப். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று அடிக்கும், கார்பரேட்டர் நிரம்பியதும் நின்றுவிடும். நிற்காமல் அடித்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது காற்று இழுக்கிறது, அல்லது டேங்க் காலி. இன்ஜினைக் கிளப்பும் முன் அந்தச் சத்தத்தைக் கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

வயரிங்குக்கு நிறங்கள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழுப்பு எப்போதும் கரன்ட் இருக்கும், ஃபியூஸ் இல்லை. ஊதா எப்போதும் கரன்ட், ஃபியூஸ் வழியாக. வெள்ளை சாவி போட்டால் வரும், பச்சை அதுவே ஃபியூஸ் தாண்டியது. கறுப்பு எர்த். மங்கலாக எரிந்த பின்விளக்குகளுக்குப் புதிய பல்பு போடும் முன் மல்டிமீட்டரை எடுத்தேன்: விளக்கை எரியவிட்டு, விளக்கின் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி வரவேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் வந்தது. எர்த் திருகாணியைக் கழற்றி, அடியிலுள்ள தகட்டைப் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கியதும் வெளிச்சம் வந்துவிட்டது. ஹெட்லைட்டுக்கு மட்டும் ரிலே சேர்த்திருக்கிறேன், பழைய சுவிட்ச் வழியாக அவ்வளவு கரன்ட் போக வேண்டாம் என்று.

இனி பராமரிப்பு. இந்த வண்டிக்கு கிரீஸ் கன் இல்லாமல் ஆகாது. முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்பும் அச்சான கிங்பின் ஒவ்வொன்றிலும், கிரீஸ் அடிக்க மூன்று நிப்பிள்கள். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவைத்து, பழைய கிரீஸ் வெளியே வழியும் வரை அடிக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போது அடித்தால் எடை தாங்கும் பரப்புக்குள் கிரீஸ் போகாது. கியர் பாக்ஸுக்கும் இன்ஜின் ஆயில்தான், அதே 20டபிள்யூ-50.

அடுத்து ஸ்போக் சக்கரங்களைக் கழற்றி, சக்கரம் உட்காரும் ஹப்பின் பற்களைப் பார்க்கப்போகிறேன். பற்கள் கத்திமுனையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது ஒரு டக் சத்தம் வரும், இப்போது வலது பின்சக்கரத்தில் அது லேசாகக் கேட்கிறது. வலது பக்கத்து ஹப்புக்கு இடது மரை, இடது பக்கத்துக்கு வலது மரை என்பதால் ஹப்புகளை வாங்கும்போது பக்கம் பார்த்து வாங்க வேண்டும். பக்கம் மாறிப் போட்டால், சக்கரத்தை நடுவில் பிடித்திருக்கும் நட் ஓட ஓடத் தானே கழன்றுவிடும். அது முடிந்து கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்து, எந்த மூலையிலும் ஆயிலோ தண்ணீரோ கசியவில்லை என்று தெரிந்த பிறகு பெயின்ட்டுக்கு எடுக்கலாம். நிறம் மாற்றப்போவதில்லை, அதே சிவப்புதான்.