கிரையோனிக்ஸுக்குப் பதிவு செய்த அனுபவம்

நான் இறந்தபின் எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம், திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வையுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்றாவது மருத்துவம் முன்னேறி மீட்டுத் தரலாம் என்ற நம்பிக்கையில் உடலை இப்படிக் காப்பதுதான் கிரையோனிக்ஸ். இதற்கு எப்படிப் பதிவு செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். படிவங்கள் சுலபம். வீட்டில் பேசுவதுதான் பெரிய வேலை.

அமெரிக்காவின் மிச்சிகனில் இருப்பதால் கிளின்டன் டவுன்ஷிப்பில் உள்ள கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டைத் தேர்ந்தெடுத்தேன். 1976இல் தொடங்கியது. நிறுவனர் ராபர்ட் எட்டிங்கர் 2011இல் இறந்தார். அவர் உடலும் அங்கேதான் இருக்கிறது. ஆயுள் உறுப்பினர் கட்டணம் 1,250 டாலர், உடலைப் பாதுகாக்க 28,000 டாலர். அரிசோனாவில் உள்ள ஆல்கோர் என்ற இன்னொரு கிரையோனிக்ஸ் நிறுவனத்தில் முழு உடலுக்கு இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். ஆனால் நான் பார்த்தது தூரத்தைத்தான். இதயம் நின்றபின் போகும் ஒவ்வொரு மணி நேரமும் மூளைக்கு நஷ்டம்.

மொத்தத் தொகைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு இருக்க வேண்டும். இதில் கறாராக இருப்பது நியாயம்தான். கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறையில் வைத்திருந்த உடல்கள், உறவினர்கள் பணம் கட்டுவதை நிறுத்தியபின் 1970களில் உருகிப்போயின. 1967இல் உறையவைத்த ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடல் மட்டும் இன்றும் ஆல்கோரில் பத்திரமாக இருக்கிறது. பல வருடம் அவர் குடும்பம் விடாமல் பார்த்துக்கொண்டதால் வந்த பலன் அது. நான் ஆயுள் காப்பீடு எடுத்து நிறுவனத்தைப் பயனாளியாகப் போட்டேன். முதலில் பேசிய முகவர் அந்தப் பெயரைப் பார்த்ததும் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். வேறொருவர் முடித்துக் கொடுத்தார். அப்புறம் ஒப்பந்தம், உடல் தானப் படிவம், சாட்சிகள், நோட்டரி. இதிலெல்லாம் சிக்கல் இல்லை.

சரி, இனி மனைவி. டாக்டர் இறப்பை அறிவித்த பிறகுதான் சட்டப்படி எதையும் தொடங்க முடியும். அந்த நிமிடத்திலிருந்து உடலை ஐஸில் வைக்க வேண்டும், மார்பை அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தொடர வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஏற்ற வேண்டும். நிறுவனத்துக்குப் போன் செய்வது, தேவையில்லாத பிரேதப் பரிசோதனையைத் தடுப்பது எல்லாம் அவள் தலையில். அழவேண்டிய நேரத்தில் ஒருத்தியை இப்படி ஓடவைக்க அவள் முழு சம்மதம் வேண்டும். அது இல்லையென்றால் பதிவையே விட்டிருப்பேன்.

"திரும்பி வருவீங்கன்னு யாராவது சொல்றாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இதுவரை ஒருவரும் மீளவில்லை. ரத்தத்துக்குப் பதிலாக ஒரு கரைசலை ஏற்றி, பனிப்படிகம் செல்களைக் கிழிக்காதபடி கண்ணாடி போல இறுகவைக்கிறார்கள். அந்த முறையில் காத்த ஒரு முயலின் சிறுநீரகம் திரும்பப் பொருத்தியபோது வேலை செய்தது. மனித மூளைக்கு அது எவ்வளவோ தூரம். ஆனால் எங்கள் மகள் ஐவிஎஃப்பில் பிறந்தவள். கருவாக இருந்தபோது சில மாதம் இதே திரவ நைட்ரஜனில் காத்திருந்தவள். அதை நினைவுபடுத்தியபோது மனைவி வெகுநேரம் பேசவில்லை. மறுவாரம் கையெழுத்துப் போட்டாள்.

மதுரையிலிருந்து அம்மா கேட்டது வேறு. "கொள்ளியும் இல்லைன்னா, எந்த நாளைடா திதின்னு வைக்கிறது?" நான் திணறினேன். மனைவிதான் போனை வாங்கி, "டாக்டர் சொல்ற நாள்தான் அத்தை, உங்க பேத்தி செய்வா" என்றாள். அம்மா இன்னும் ஏற்கவில்லை. அவரை வற்புறுத்த எனக்கு மனமில்லை.

ஊருக்குப் போயிருக்கும்போது எனக்கு ஏதாவது ஆனால் மதுரையிலேயே எரித்துவிடுங்கள் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். தூதரகக் காகிதங்கள், விமானம் எல்லாம் முடிவதற்குள் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது. உடல் நிறுவனத்துக்குப் போய்ச் சேராவிட்டால் காப்பீட்டுப் பணம் யாருக்கு என்பதை, கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.