வெயிலை மட்டும் வைத்து ஒரு கப்பித் தொட்டி: இதுவரை

பாக்கெட் தீவனத்தை நிறுத்திவிட்டு, மாடியில் விழும் வெயிலை வைத்தே கப்பி மீன்களை வளர்க்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீன் தொட்டியின் பழைய தண்ணீரை வெயிலில் வைத்தால் பாசி பெருகிப் பச்சையாகிறது, அதை மொய்னா என்கிற பொடி நீர்த்தெள்ளுகளுக்கு ஊற்றுகிறேன், மொய்னாவை வலையில் அள்ளி மீனுக்குப் போடுகிறேன், அவ்வளவுதான். மொய்னாவுக்கு ஈஸ்ட் கரைத்து ஊற்றினால் சீக்கிரம் பெருகும். ஆனால் ஈஸ்ட் வளர்வது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப் பாகில், அது ஏதோ ஒரு கரும்புக் காட்டில் விழுந்த வெயில். அதனால் வேண்டாம்.

முதலில் பிடிபட்டது, இடம் எவ்வளவு தேவை என்பதுதான். மாடியில் பாதிக்கு மேல் பச்சைத் தண்ணீர்த் தொட்டிகள், மொய்னாவுக்கு ஒன்று, மீன்களோ ஒரு ஓரத்தில் சின்னத் தொட்டியில். இத்தனை இடத்தில் விழும் வெயிலின் ஆற்றல் எங்கே போகிறது என்று ஒரு சொட்டுத் தண்ணீரை லென்ஸில் வைத்துப் பாருங்கள். மொய்னாவின் உடம்பு கண்ணாடி மாதிரி, குடல் ஒரு பச்சைக் கோடாக வளைந்து போகிறது, முதுகுப் பக்கம் இதயம் எண்ண முடியாத வேகத்தில் துடிக்கிறது, கால்கள் ஒரு நொடிகூட நிற்பதில்லை. தின்றதில் பெரும்பங்கு இந்தத் துடிப்புக்கும் நீச்சலுக்குமே செலவாகி வெப்பமாகப் போய்விடுகிறது. உடம்பாகவும் குஞ்சாகவும் மாறுகிற மிச்சம்தான் மீனுக்கு.

உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படியிலும் பத்து சதவீத ஆற்றல்தான் மேலே போகும் என்று பள்ளியில் படித்தது சராசரிக் கணக்குதான், விதி இல்லை. சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊற்றில் அளந்து 1957இல் வெளியிட்ட கணக்கில், ஆண்டுக்கு ஒரு சதுர மீட்டரில் தாவர உண்ணிகளுக்கு 3,368 கிலோகலோரி, அவற்றைத் தின்பவைக்கு 383, உச்சியில் இருப்பவைக்கு வெறும் 21. முதல் படியில் பதினொரு சதவீதம், அடுத்ததில் ஆறுகூட இல்லை.

இன்னொன்று, மீன் கழிவுத் தண்ணீரைத் திரும்பப் பச்சைத் தொட்டிக்கே ஊற்றுகிறேன், அதிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஆற்றல் அப்படி வராது. நாலு நாள் மேகமூட்டம் போட்டால் போதும், பச்சை வெளிறி, அப்புறம் மொய்னாவின் குடல் கோடும் வெளிறி, பெருக்கம் நின்றுவிடுகிறது. கழிவு அப்படியேதான் இருக்கிறது, வெயில்தான் இல்லை.

நடுவில் ஒரு தட்டான் வாலைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு முட்டையிட்டுப் போனது. அதன் இளம்புழு மடித்து வைத்திருந்த கீழுதட்டைச் சட்டென்று நீட்டிக் கப்பிக் குஞ்சைப் பிடித்ததைப் பார்த்தேன், பிரமாதமான வேட்டை. ஆனால் சங்கிலியில் இன்னொரு கண்ணியைத் தாங்க என் மாடியில் வெயில் போதாது, அதனால் அதை எடுத்துத் தனி வாளியில் விட்டிருக்கிறேன்.

அடுத்து, கப்பிக்குப் பாசியை நேரடியாகவே மேயக் கொடுக்கப் போகிறேன். தொட்டிச் சுவரில் படிந்த பாசியைக் கப்பி கொத்தித் தின்னும். நடுவில் மொய்னா இல்லாவிட்டால் அதே வெயிலில் எத்தனை மீன் கூடுதலாகத் தேறும் என்பதைப் பார்க்க வேண்டும்.