யாரு வீட்டுப் புள்ள?

பர்மிங்காமில் என் பேரன் படிக்கும் பள்ளியின் வாசலில் மாலை மூன்றேகால் மணிக்கு நான் போய் நிற்பேன். ஆசிரியை கதவருகே நின்று ஒவ்வொரு பிள்ளையாக வெளியே விடுவார். யார் யார் கூட்டிப் போகலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் என் பெயரும் உண்டு. போன மாதம் எனக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பினேன். என் மகளுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகுதான் பையனை அவளோடு விட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவனுக்கு எட்டு வயது, வீடு ஏழு நிமிட நடை.

அன்று இரவு அவன் என் கட்டிலோரம் வந்து உட்கார்ந்து, “அம்மாச்சி, உங்களை யார் கூட்டிட்டுப் போவாங்க?” என்று கேட்டான். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் ஊர்ச் சங்கத்திலிருந்து கடிதம் வந்ததும் அதே வாரம்தான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நான் பள்ளிக்குப் போன பாதை உங்களில் பாதிப் பேருக்குக் காலுக்குத் தெரிந்த பாதை.

எங்கள் லைன் வீடுகள், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், குன்னூருக்குக் கீழே, ரன்னிமேடு பக்கம், தேயிலைக்கு நடுவில் இருந்தன. ரோடு வழியாகப் போனால் பெரிய சுற்று. அதனால் 1970-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் பள்ளிக்குப் போனது நீலகிரி மலை ரயிலின் தண்டவாளத்தின் மேல்தான். எட்டு ஒன்பது பிள்ளைகள் ஒரு கூட்டமாகக் கிளம்புவோம். கூட்டத்தில் மூத்தவர் எட்டாம் வகுப்பு அண்ணன் ஒருவர், அவ்வளவுதான், பெரியவர்கள் யாரும் வர மாட்டார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும் அல்லவா, அதில் கால் வைக்காமல் கட்டைக்குக் கட்டை தாண்ட வேண்டும் என்பது எங்களுக்குள் சட்டம். பாலம் வந்தால் முதலில் ஒருவர் மட்டும் போய் அந்தப் பக்கம் நின்று காது கொடுத்துக் கேட்பார். மேட்டில் ஏறும் ரயில் மெதுவாகத்தான் வரும். இன்ஜின் கீழ்ப் பக்கம் இருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவதால் மூச்சிரைப்பது தூரத்திலேயே கேட்டுவிடும். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் உண்டு. முன் பெட்டியின் வெளித்திண்ணையில் கொடியோடு நிற்பவருக்கு எங்கள் எல்லாரையும் தெரியும். பல்பட்டை மேல் நடந்தவன் யார் என்று சாயங்காலம் குன்னூர் மார்க்கெட்டில் அப்பாவிடம் சொல்லிவிடுவார். அப்புறம் வீட்டில் விழும்.

பேரன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். உண்மையில் எனக்கு இப்போது நினைத்தாலும் அந்தப் பாலம் வயிற்றைக் கலக்குகிறது. அவனை அதில் நடக்க விடுவேனா என்றால், மாட்டேன்.

பள்ளி விட்ட பிறகு இருந்த நேரம்தான் எங்கள் ராஜ்யம். 1951-இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்கிற எஸ்டேட்டில் ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று இருந்தது. எங்கள் எஸ்டேட்டிலும் ஒரு தகரக் கொட்டகை, ஒரு ஆயா, வரிசையாகத் தூளிகள். ஆறு வயது முடிந்தால் அங்கே இடம் கிடையாது. அம்மா இலை எடை போட்டுவிட்டு வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். எங்கள் தலைமுறையின் சுதந்திரம் என்று நாம் பேசுவதெல்லாம் அந்த இடைவெளியில் விளைந்ததுதான். பிள்ளையைச் சுதந்திரமாக வளர்க்க வேண்டும் என்று எந்த அம்மாவும் யோசித்து விடவில்லை, அவர்களுக்கு வேறு வழி இல்லை.

அந்த நேரத்தில் என்னென்ன செய்தோம்! பாக்டரி ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்த பேரிங்கை வாங்கிப் பலகையில் கோத்து வண்டி செய்தோம். ரோட்டு இறக்கத்தில் அதில் உட்கார்ந்து போகும்போது எழும் சத்தம் அடுத்த மலைக்குக் கேட்கும். தவிட்டுப்பழம் தின்று நாக்கு ஊதா நிறமாகிவிடும். விக்கிப்பழத்துக்காகச் சோலைக்குள் போவோம். எந்த இலை அரிக்கும், எந்த வெள்ளைப் பூவை வாயில் வைக்கக் கூடாது, அட்டை கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பு வைக்க வேண்டும், இதெல்லாம் எங்களுக்கு மூத்த பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள், அவர்களுக்கு அவர்களுக்கு மூத்தவர்கள். புத்தகத்தில் படித்ததை மறந்துவிட்டேன், இது மறக்கவில்லை.

1973 நவம்பரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நம் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தானே. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஆறு. திரும்பும் வழியில் தண்டவாளத்தோரம் சிந்திக் கிடந்த கரித்துண்டுகளை அவன் பைக்குள் பொறுக்கிப் போட ஆரம்பித்தான், அம்மா அடுப்புக்கு என்று. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நாங்கள் பிடித்துவிடலாம் என்று குறுக்கே தேயிலைக்குள் இறங்கினோம். பாதி தூரம் போவதற்குள் மேட்டுப்பாளையம் பக்கப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்துவிட்டது. தம்பியின் கையைப் பிடித்திருக்கிறேன், அவன் முகம் தெரியவில்லை. எந்த வரிசையும் ஒரே வரிசைதான், இறங்கினால் தேயிலை, ஏறினால் தேயிலை. அவன் அழ ஆரம்பித்தான். எனக்கும் அழுகை வந்தது, அவனுக்காக அடக்கிக்கொண்டு செடிக்கு அடியில் இருவரும் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டோம்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலே எங்கேயோ ஒரு பெண் குரல், “கூ…” என்று நீளமாக. சற்றுத் தள்ளி இன்னொரு குரல் அதை வாங்கிக்கொண்டது. எதிர் மலையிலிருந்து மூன்றாவது. நான் எழுந்து நின்று பதிலுக்குக் கூவினேன். கூவக் கூவக் குரல் கிட்டே வந்தது. கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முதுகில் இலைக் கூடையோடு ஒரு பெரியம்மா பனிக்குள்ளிருந்து வந்தார். எங்கள் லைன்காரர் அல்ல. “யாரு வீட்டுப் புள்ளைங்க நீங்க?” என்றார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். அவர் பின்னால் திரும்பி, “கெடச்சிருச்சு, ரெண்டும் இருக்கு!” என்று கத்தினார். அந்தச் செய்தி குரல் குரலாகக் கீழே இறங்கிப் போனதை நின்று கேட்டேன்.

அவர் நடக்க நடக்கச் சொன்னார்: “ரெண்டு பேரு தண்டவாளத்துலருந்து எறங்குனீங்க. அந்தப் பக்கம் வெளிய வரல.”

இலை பறித்துக்கொண்டே யாரோ எங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அன்று மட்டுமல்ல, தினமும். ஒரு சரிவில் முப்பது நாற்பது பெண்கள். கை பறித்துக்கொண்டிருக்கும், கண் சும்மா இருக்காது. பாதையில் யார் போகிறார்கள், யார் திரும்பவில்லை என்பது மலை முழுக்கத் தெரியும். கேட்பாரில்லாமல் சுற்றினோம் என்று நாம் இன்று பெருமையாகச் சொல்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்பதற்கு அத்தனை பேர் இருந்ததால்தான் சுற்ற முடிந்தது.

இங்கே இங்கிலாந்திலும் இந்தக் கதை உண்டு. மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளர் 1971-இல் இங்குள்ள சில பள்ளிகளில் விசாரித்தபோது ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணை இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தார்கள். 1990-இல் அவரும் மற்றவர்களும் மறுபடி விசாரித்தார்கள். 9 விழுக்காடு! பெற்றோர் சொன்ன முதல் காரணம் ரோட்டில் ஓடும் வண்டிகள். விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது, ஆனால் ரோடு பத்திரமானதால் அல்ல, பிள்ளைகளே ரோட்டில் இல்லாததால் என்று அவர்கள் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் வழியே எங்கள் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை இல்லை.

நம் பள்ளிக் காலத்தைப் பற்றி ஆசையாகப் பேசும்போது என் அக்காவை விட்டுவிட்டுப் பேச என்னால் முடியாது. ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள். சோறாக்க, தண்ணீர் தூக்க, விறகு பொறுக்க ஆள் வேண்டும். போனில் நான் சோலையைப் பற்றி உருகிப் பேசினால் அவள் சொல்வாள்: “நீ சுத்துன காட்டையெல்லாம் நான் தலையில வெறகுக்கட்டோடதான்டி பாத்தேன்.” எனக்கும் பதின்மூன்று வயதில் அது முடிந்தது. வயதுக்கு வந்த பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும், “இனிமே சோலைப் பக்கம் போற வேலை வேண்டாம் கண்ணு” என்றார் அம்மா. தம்பி அதற்குப் பிறகும் ஆறேழு வருடம் சுற்றினான். நம் மலரில் ஆண்கள் எழுதும் நினைவுகள் நீளமாகவும் பெண்கள் எழுதுபவை சீக்கிரம் முடிந்துவிடுவதாகவும் எனக்குத் தோன்றுவதுண்டு. காரணம் இதுவாக இருக்கலாம்.

போன மே மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு குன்னூர் போனேன். தண்டவாளத்தில் அவனை ஏற்றவில்லை. நாங்கள் அன்று இறங்கிய குறுக்குப் பாதையின் வாயில் கம்பிவேலி, அதற்குப் பின்னால் விடுமுறைக்கு வருபவர்களுக்கான காட்டேஜ். லைன் பிள்ளைகளைக் காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. பாதையில் காட்டுமாடு நிற்கும், விட முடியாது என்கிறார்கள். நியாயம்தான். எங்கள் காலத்தில் அவை சோலையை விட்டு அபூர்வமாகத்தான் வெளியே வரும், இப்போது பஜார் வரைக்கும் வருகின்றன. முப்பது பேர் நின்ற சரிவில் ஐந்தாறு பேர் கத்தரிபோல் ஒரு கருவியால் இலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அம்மாவைத் தெரியுமா என்று அவர்களிடம் கேட்க முடியாது.

சரிவின் ஓரத்தில் நின்று பேரனிடம், கூவிப் பார் என்றேன். முதலில் வெட்கப்பட்டான். அப்புறம் கையைக் குவித்து, “கூ…” என்றான். அந்தப் பெண்களில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள். சின்னப் பெண், இருபது வயது இருக்கும். சிரித்துக்கொண்டு அவளும் கூவினாள்.

இந்த வருட மலருக்கு நம் ஆட்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நாம் வைத்த பெயர்களை எழுதி அனுப்புங்கள். ஒற்றைக்கல், அட்டைப் பாதை, பேய்ச்சோலை, இதெல்லாம் எந்த மேப்பிலும் இல்லை. ஒற்றைக்கல்லைத் தாண்டி ஊற்று ஒன்று இருந்ததே, அதிலிருந்து பாதை இடப்பக்கம் பிரிந்ததா, வலப்பக்கமா? தம்பி ஒன்று சொல்கிறான், நான் ஒன்று சொல்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.